ஒற்றை அறைக் கால்நடைக் கிளினிக்கில் நோய்த்தொற்றைத் தடுக்கும் முறை

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் தனியார் கால்நடைக் கிளினிக் என்றால் பெரும்பாலும் ஷட்டர் போட்ட ஒரு கடையறைதான். முன்பக்கம் நான்கு நாற்காலிகள், நடுவில் ஓர் எவர்சில்வர் டேபிள், பின்னால் திரை போட்டு மறைத்த ஒரு மூலை. அந்த மூலையில்தான் அறுவைச் சிகிச்சையும் டிரிப்ஸ் ஏற்றுவதும் கருவி கழுவுவதும் நடக்கின்றன. தொற்றுநோய் கண்ட விலங்குக்குத் தனி அறை, தனி வாசல், தனிக் காற்றோட்டம் வேண்டும் என்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் எல்லோரும் தேர்வில் எழுதியிருக்கிறோம். வாடகைக்கு எடுத்த இருநூறு சதுர அடியில் அவற்றில் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் தொற்றைத் தடுக்க முடியும். சுவர் எழுப்ப இடமில்லாதபோது வேலையின் வரிசைதான் சுவராக நிற்க வேண்டும். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது, எதைத் தொட்ட கையால் எதைத் தொடக்கூடாது என்ற ஒழுங்கையே இங்கே விளக்குகிறேன்.

அந்த ஒழுங்கின் அருமை எனக்கு ஓர் எடை மெஷினால்தான் விளங்கியது. தடுப்பூசி போட்டுக்கொண்டு போன மூன்று நாய்க்குட்டிகள் ஒரே வாரத்துக்குள் ரத்தக் கழிச்சலோடு திரும்பி வந்தன. மூன்றும் வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்தவை. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவை. பதிவேட்டைப் புரட்டியபோது, மூன்றும் ஒரே நாள் காலையில் வந்திருந்ததும், அவற்றுக்குச் சற்று முன்னால் வாந்தியோடு தூக்கி வரப்பட்ட ஒரு குட்டியை அதே எடை மெஷினில் நிறுத்தியிருந்ததும் தெரிந்தன. டேபிளைத் துடைத்திருந்தோம். தரையில் கிடந்த எடை மெஷினைத் துடைக்கவில்லை. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்து அறிகுறி தெரிய வழக்கமாக மூன்று முதல் ஏழு நாட்கள் ஆகும் என்பதால் கணக்கும் பொருந்தியது. இரண்டு குட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. நோயைத் தடுக்க வந்த இடத்திலேயே நோயை வாங்கிக்கொண்டு போன அந்தக் குட்டிகளின் வீட்டாருக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

வாசலிலேயே பிரிப்பது

முதல் தடுப்பு தொலைபேசியில் தொடங்குகிறது. யார் அழைத்தாலும் உதவியாளர் நான்கு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: வாந்தியோ கழிச்சலோ இருக்கிறதா, இருமலோ மூக்கு கண்ணில் சளியோ இருக்கிறதா, குணம் திடீரென்று மாறியிருக்கிறதா அல்லது எச்சில் ஒழுகுகிறதா, தடுப்பூசி எப்போது போட்டது. முன்கூட்டியே அழைக்காமல் நேராக வருபவர்களிடம் இதே கேள்விகளைப் படியேறுவதற்கு முன்பே கேட்க வேண்டும். எதற்காவது ஆம் என்ற பதில் வந்தால், அந்த விலங்கு ஆட்டோவிலேயோ வண்டியிலேயோ காத்திருக்கட்டும். மருத்துவர் வெளியே போய்ப் பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை. வெயிலில் நாயை வண்டிக்குள் பூட்டி வைக்கக்கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, நேரத்தைப் பிரியுங்கள். தடுப்பூசிக்கு வரும் குட்டிகளுக்குக் காலையின் முதல் மணி நேரம், அதாவது இரவு முழுவதும் காய்ந்து கிடந்த தரையும் டேபிளும் புழக்கத்துக்கு வராத நேரம். அதன் பிறகு திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை. பிறகு பொது நோயாளிகள். தோல் நோய், சீழ் பிடித்த புண், கழிச்சல் ஆகியவை கடைசியில். அவசரமாக வரும் விலங்கு இந்த வரிசையைக் கலைக்கும்; அப்போது அதைப் பார்த்து முடித்ததும் முழுக் கழுவலைச் செய்துவிட்டே அடுத்ததை உள்ளே அழைக்க வேண்டும், வெளியே பத்துப் பேர் முணுமுணுத்தாலும். குட்டிகளைத் தரையில் விட வேண்டாம், மடியிலோ துண்டிலோ வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பலகை எழுதி மாட்டலாம். பூனைக் கூடைகளை ஒரு துணியால் மூடி நாற்காலியின் மேல் வைக்கச் சொல்வது அச்சத்தையும் குறைக்கும், ஒன்றின் தும்மல் மற்றொன்றின் மேல் படுவதையும் குறைக்கும்.

கழுவுவது முதலில், கிருமிநாசினி பிறகு

நம் ஊரில் சுத்தம் என்றால் ஃபினாயில் வாசனை என்று பழகிவிட்டோம். அந்த வாசனை வந்தால் வாடிக்கையாளருக்கு நிம்மதி, நமக்கும் வேலை முடிந்த எண்ணம். ஆனால் மலமும் ரத்தமும் சளியும் படிந்த பரப்பில் எந்தக் கிருமிநாசினியை ஊற்றினாலும் அது அந்த அழுக்கோடு வினைபுரிந்து வலுவிழந்துவிடும். அடியில் இருக்கும் கிருமி அப்படியே இருக்கும். ஆகவே வரிசை இதுதான்: கெட்டியான அழுக்கைக் காகிதத்தால் வழித்தெடுத்து மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுங்கள், சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள், நல்ல தண்ணீரால் அலசுங்கள், தண்ணீர் தேங்காமல் துடையுங்கள், அதற்குப் பிறகே கிருமிநாசினியைப் பூசி, பத்து நிமிடமாவது பரப்பு ஈரமாகவே இருக்கும்படி விடுங்கள். தெளித்த கையோடு துடைத்துவிடுவதுதான் கிளினிக்குகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு. மருந்து வேலை செய்ய எடுத்துக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடத்துக்கு வேறு எதையும் ஈடாக வைக்க முடியாது.

எந்தக் கிருமிக்கு எது என்பதிலும் தெளிவு வேண்டும். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயின் வைரஸுக்கும் வெறிநோய் வைரஸுக்கும் மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு; சோப்பும் ஸ்பிரிட்டும் அந்த உறையைக் கரைத்துவிடுவதால் அவை எளிதில் அழியும். பார்வோவுக்கும், அதன் உறவான பூனைகளின் பான்லூகோபீனியா வைரஸுக்கும் அந்த உறை கிடையாது. ஸ்பிரிட்டும் கை சானிடைசரும் தரை துடைக்கும் சாதாரணக் கிருமிநாசினிகளும் அவற்றை நம்பத்தக்க அளவில் கொல்வதில்லை. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் அவை மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு கிடக்கும். இவற்றை வெல்ல நமக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது ஹைப்போ என்று கடைகளில் கேட்டு வாங்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்தான்.

ஹைப்போவைக் கண்ணளவில் ஊற்றக்கூடாது. கேனில் 5 சதவீதம் என்றிருந்தால் ஒரு பங்கு ஹைப்போவுக்கு 19 பங்கு தண்ணீர், 10 சதவீதம் என்றிருந்தால் ஒரு பங்குக்கு 39 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.25 சதவீதக் கரைசல் கிடைக்கும். கழுவிய தரைக்கும் கூண்டுக்கும் எடை மெஷினுக்கும் இது போதும். ரத்தமோ ரத்தக் கழிச்சலோ சிந்திய இடத்துக்கு 1 சதவீதம் வேண்டும். 5 சதவீதக் கேனிலிருந்து என்றால் ஒன்றுக்கு நான்கு பங்கு தண்ணீர். ஹைப்போ கிடைக்காத நாளில் புதிய பிளீச்சிங் பவுடரை லிட்டருக்குச் சுமார் 8 கிராம் கரைத்துத் தெளியவைத்து எடுத்தால் கிட்டத்தட்ட அதே 0.25 சதவீதம் வரும். 30 கிராம் போட்டால் 1 சதவீதம். மூடி திறந்து ஈரம் ஏறிய பவுடரில் குளோரின் போய்விட்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். கரைசலைத் தினமும் காலையில் புதிதாகக் கலந்து, வெளிச்சம் புகாத புட்டியில் தேதி எழுதி வையுங்கள். எவர்சில்வர் டேபிளைப் பத்து நிமிடத்துக்குப் பின் தண்ணீரால் அலசிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஹைப்போ அதை அரித்துக் குழி விழச் செய்யும், அந்தக் குழிகளில் மறுபடி அழுக்குச் சேரும்.

மூன்று எச்சரிக்கைகள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஹைப்போ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அறை சிறியது, ஒரே ஒரு ஷட்டர்தான் வழி என்பதை நினைவில் வையுங்கள். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரடியாக ஊற்றினாலும் மூச்சை அடைக்கும் வாயு வரும், ஆகவே முதலில் தண்ணீரால் கழுவித் தள்ள வேண்டும். மூன்றாவது பூனைகளைப் பற்றியது: ஃபீனால் வகைச் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, ஃபினாயில், லைசால் போன்றவை பட்ட தரையில் நடந்து பாதத்தை நக்கினால் அதுவே நஞ்சாகிவிடும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலிருந்து இத்தனை பூனைகள் சிகிச்சைக்கு வரும் பகுதியில், பூனைக் கூண்டுக்கு ஃபினாயிலைப் பயன்படுத்துவதை அறவே விட்டுவிடலாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலை ஒட்டிய வடசென்னையின் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அழுக்கும் எளிதில் விடாது. கிருமிநாசினிகளில் சில வகைகள் கடினநீரில் வீரியம் குறையும். கருவிகளை உப்புத் தண்ணீரில் அலசி வைத்தால் கத்தரியின் மூட்டில் துரு ஏறும். எனவே தரைக்குப் போர் தண்ணீர் இருக்கட்டும். கரைசல் கலக்கவும் கருவி அலசவும் மெட்ரோ தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். கருவிகளை நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே.

துடைப்பானை மறந்துவிடாதீர்கள். ஒரே மாப், ஒரே வாளி என்றால் நோயை மூலை முடுக்கெல்லாம் பூசிவிட்டு வருகிறோம் என்று பொருள். கரைசலுக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி. உள்பக்கம் சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடிப்பது. முடிந்ததும் மாப்பைக் கழுவி மாடியில் வெயிலில் காயப்போடுவது. தரையில் விரிசலோ டைல்ஸ் இடுக்கோ இருந்தால் அடைத்துவிடுங்கள். நாயின் மேல் ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து அந்த இடுக்குகளில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்; உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பேபிசியா நோய்களுக்குச் சிகிச்சை தரும் கிளினிக்கே உண்ணிப் பண்ணையாக மாறிவிடக் கூடாது. பிடுங்கிய உண்ணியைக் கீழே போட்டு மிதிக்காமல் ஸ்பிரிட் உள்ள மூடிய டப்பாவில் போட வேண்டும்.

கையும் ஊசியும்

ஒவ்வொரு விலங்கைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் கை கழுவ வேண்டும் என்பதை எல்லோரும் அறிவோம். நெரிசலான மாலையில் செய்கிறோமா என்பதுதான் கேள்வி. கழுவும் தொட்டி திரைக்குப் பின்னால் இருந்தால் யாரும் போகமாட்டார்கள். டேபிளிலிருந்து இரண்டு அடிக்குள் ஒரு குழாயும், அதை முழங்கையால் திறக்கும் கைப்பிடியும் அமைத்தால் வேலை பாதி முடிந்தது. மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம். சோப்பு போட்டு விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் சேர்த்து இருபது நொடியாவது தேய்த்து, காகிதத் துண்டால் துடைக்க வேண்டும். நாள் முழுவதும் ஒரே துண்டு ஆணியில் தொங்கக் கூடாது. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது சானிடைசர் உதவும், ஆனால் கழிச்சல் குட்டியைத் தொட்ட கைக்கு அது போதாது. கையுறை போட்டிருப்பதால் கை சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. கையுறையோடு கைப்பேசியை எடுப்பது, கதவைத் திறப்பது, பணம் வாங்குவது மூன்றும் கூடாது.

எங்கும் காணும் இன்னொரு பழக்கம், பஞ்சை உருட்டி ஒரு டப்பாவில் போட்டு ஸ்பிரிட் ஊற்றி நாள் முழுவதும் அதிலிருந்தே எடுப்பது. பல கைகள் நுழையும் அந்த டப்பா தானே கிருமித் தேக்கமாகும் என்பதால் உலக சுகாதார நிறுவனமும் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. உலர்ந்த பஞ்சை எடுத்து அப்போதைக்கு நனைத்துக்கொள்ளுங்கள். பலமுறை எடுக்கும் மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, புதிய ஊசி, புதிய சிரிஞ்சால் மட்டுமே எடுக்க வேண்டும். மூடியில் ஓர் ஊசியைக் குத்தியபடியே விட்டுவைப்பது கிருமிக்கு வாசல் திறந்து வைப்பதாகும். ஒரு பாட்டில் டிரிப்ஸை இரண்டு குட்டிகளுக்குப் பகிர்ந்து ஏற்றுவது சிக்கனம் அல்ல. டிரிப்ஸ் ஏற்றும் குழலான கேனுலாவைப் போடும் இடத்தில் முடியை வெட்டி, குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் தேய்த்து, பிறகு போடுங்கள். தினமும் கட்டைப் பிரித்துப் பாருங்கள், வீக்கமோ வலியோ சீழோ தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

தெர்மாமீட்டரை முதலில் சோப்பால் கழுவி, பிறகு 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கழிச்சல் குட்டிகளுக்கென்று சிவப்பு டேப் ஒட்டிய தனித் தெர்மாமீட்டர், தனி ஏப்ரன், தனிச் செருப்பு ஒதுக்கிவிட்டால் குழப்பமே இல்லை. மொத்தச் செலவும் ஒரு பாட்டில் ஆன்டிபயாட்டிக் விலையைத் தாண்டாது. முடி வெட்டும் மெஷினின் பிளேடுகளைப் படர்தாமரையின் நுண்விதைகள் பற்றிக்கொள்ளும். அந்த விதைகள் ஓராண்டுக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். முடியைத் துலக்கி எடுத்த பிறகே கிருமிநாசினியில் ஊறவிட வேண்டும்.

அறுவைக் கருவிகளுக்கு ஆட்டோகிளேவைத் தவிர மாற்று இல்லை என்றே சொல்வேன். கொதிக்கவைப்பது ஸ்போர் என்னும் உறைவித்துகளைக் கொல்லாது. சாவ்லானில் ஊறவைப்பதும் கொல்லாது. 121 டிகிரி செல்சியஸ், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், கட்டிய பொட்டலத்துக்கு அரை மணி நேரம். மேலே ஒட்டிய டேப் நிறம் மாறுவது சூடு பட்டதை மட்டுமே காட்டும். பொட்டலத்தின் நடுவிலும் ஓர் இண்டிகேட்டர் அட்டை வைத்துப் பாருங்கள். ஒரு விலங்குக்கு ஒரு பொட்டலம், கருத்தடை முகாமாக இருந்தாலும்.

நம்மைத் தாக்கக்கூடிய நோய்கள்

வெறிநோயைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஒன்றில் மட்டும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை. கிளினிக்கில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், கூட்டிப் பெருக்குபவருக்கும் சேர்த்து, முன்தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும்: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். அப்படிப் போட்டிருந்தவருக்குப் பின்னாளில் கடிபட்டால் முதல் நாளும் மூன்றாம் நாளும் இரண்டு ஊசிகள் போதும், இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படாது. ஆனாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதை யாரும் விடக்கூடாது.

வெறிநோய் எப்போதும் பாய்ந்து கடிக்கும் நாயாக வருவதில்லை. "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு டாக்டர், ரெண்டு நாளா எதுவும் முழுங்கல" என்ற வார்த்தையோடு, தாடை தொங்கி, எச்சில் ஒழுக, குரல் மாறிய ஒரு சாதுவான நாய் வந்து நிற்கும். வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கத் தோன்றும் அந்தக் கணத்தில் கையை இழுத்துக்கொள்ளுங்கள். கடிபட்ட வரலாறு, தடுப்பூசிச் சீட்டு, குணமாற்றம் மூன்றையும் கேட்டுத் தெளியாமல் வாய்க்குள் கை போகக் கூடாது. தெருவில் மேயும் கறவை மாடு உணவு அடைத்ததுபோல் எச்சில் ஒழுக்கி ஓயாமல் கத்தினாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். சந்தேகம் வந்தால், வீட்டில் அந்த நாயைத் தொட்ட, அதற்கு ஊட்டிய, அது நக்கிய ஒவ்வொருவரின் பெயரையும் அப்போதே எழுதி வாங்கி, அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். குழந்தைகள் கடிபட்டதைத் திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். அவர்களைத் தனியாக, கனிவாகக் கேட்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எலிக்காய்ச்சல் காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பகுதித் தெருக்களில் தேங்கிய தண்ணீரை நினைத்துப் பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த அத்தகைய தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா வாழும். அதில் நடந்த நாய் காய்ச்சல், வாந்தி, மஞ்சள் கண்ணோடு வந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை அதன் சிறுநீர் தொற்றுள்ளது என்றே கொள்ளுங்கள். கையுறை, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொண்டே சிறுநீர்க் குழாய் பொருத்த வேண்டும். கூண்டை ஹோஸ் பைப்பால் பீய்ச்சிக் கழுவினால் துளிகள் முகத்தில் தெறிக்கும். காகிதத்தால் உறிஞ்சி எடுத்துப் பிறகு துடையுங்கள். இந்தக் கிருமி காய்ந்த இடத்தில் பிழைக்காது என்பதால் மழைக்காலத்தில் தரையை உலர்வாக வைப்பதே பெரிய பாதுகாப்பு. காலில் வெட்டுக்காயம் உள்ள உதவியாளரை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

மாடு வளர்ப்பவர்கள் நஞ்சுக்கொடி விழவில்லை என்று அழைப்பார்கள். அவர்களில் சிலர் வெறுங்கையால் முயன்றுவிட்டே அழைப்பார்கள். கருச்சிதைவுக்குப் பின் தங்கிய நஞ்சுக்கொடியில், மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா கிருமி இருக்கலாம். தோள்வரை நீளும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. 4 முதல் 8 மாதக் கிடேரிகளுக்குப் போடும் எஸ்-19 என்னும் புருசெல்லா தடுப்பு மருந்து உயிருள்ள கிருமி. அது தவறி நம் கையில் குத்தினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பந்தயப் புறா வளர்ப்பவர்கள் இங்கே நிறைய உண்டு. புறாக்கூண்டின் எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கினால் நுரையீரலைத் தாக்கும் சிட்டகோசிஸ் நோயின் கிருமி தூசியோடு மூச்சில் ஏறும். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து அள்ள வேண்டும்.

வீட்டாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது

பார்வோவில் குட்டி இறந்த வீட்டார் சில நாட்களிலேயே இன்னொரு குட்டி வாங்க நினைப்பார்கள், பெரும்பாலும் குழந்தையின் அழுகைக்காக. அந்தத் தரையிலும் அந்தத் தட்டிலும் வைரஸ் இருக்கிறது என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். தட்டு, சங்கிலி, சாக்கு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, சிமெண்ட் தரையைக் கழுவி ஹைப்போ போட்டு, கொண்டுவரும் நாய் தடுப்பூசி வரிசையை முழுவதும் முடித்ததாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியை முறிக்கக்கூடும் என்பதால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் முடியும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஓர் ஊசியோடு நிறுத்தியவர் தடுப்பூசி போட்ட நாய் என்று நம்பி ஏமாறுகிறார்.

கழிவு

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கால்நடை மருத்துவ நிலையங்களுக்கும் பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்று, பொதுச் சுத்திகரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். திசு, ரத்தம் தோய்ந்த பஞ்சு, காலாவதி மருந்து மஞ்சள் பைக்கு. டிரிப்ஸ் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்ச், கையுறை சிவப்புக்கு. கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டிக்கு. ஊசியும் பிளேடும் துளை விழாத வெள்ளைப் பெட்டிக்கு. சுத்திகரிக்காத கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் கிளினிக்கில் இருக்கக் கூடாது. ஊசிக்குத் திரும்ப மூடி போட முயலும்போதுதான் விரலில் குத்திக்கொள்கிறோம். போட்ட கையோடு பெட்டியில் போட்டுவிட வேண்டும். மாநகராட்சித் தொட்டியில் நாம் போடும் ஊசி, குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையிலோ, கொடுங்கையூர் குப்பைமேட்டில் பழைய பொருள் பொறுக்கிப் பிழைப்பவரின் காலிலோ ஏறும். வெள்ளைப் பெட்டி முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை அழுத்திப் பூட்டி, தேதி எழுதி, அடுத்த பெட்டியை அதே இடத்தில், டேபிளில் நின்றபடி கை எட்டும் தூரத்தில் வையுங்கள்.